மாற்று ஆட்டக்காரன்

இராசபாளையத்தில் ஆலைச் சங்கு ஒலிக்கும் வைகறையில் கல்லூரிக் கால்பந்து அணி பயிற்சியைத் தொடங்கும். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவில்லிபுத்தூரிலிருந்து முதல் பேருந்தில் வந்துவிடுவான் மாற்று ஆட்டக்காரன். போட்டிகளில் களமிறங்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்ததில்லை. பயிற்சியிலோ, முன்கள வீரன் கொண்டுவரும் ஒவ்வொரு பந்தையும் அவனே மறிப்பான்.

1911இல் கொல்கத்தாவில் நடந்த ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் அணி ஆங்கிலேயப் படையணியை 2–1 என வென்றது. களத்தில் நின்ற பதினொருவரை வரலாறு போற்றுகிறது. பயிற்சியில் அவர்களை எதிர்த்து ஆடியோரை எவரும் நினைப்பதில்லை.

பருவத்தின் இறுதி ஆட்டத்திலும் அவன் அழைக்கப்படவில்லை. கடைசி நிமிடத்தில் முன்கள வீரன் வெற்றிக்கோலை அடித்தான். நாள்தோறும் மாற்று ஆட்டக்காரனை எதிர்த்து ஆடிக் கற்ற அடி அது. கோலடித்தவன், சூழ்ந்துகொண்ட தோழரை விலக்கி, எல்லைக்கோட்டுக்கு அப்பால் அமர்ந்திருந்தவனை நோக்கி ஓடினான்.