பாழ்பட்ட கரை

பேரிடர்ச் செய்திகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் தொழில். அதில் என் கையை அடிக்கடி நிறுத்திவிடும் பெயரடை ‘டெவஸ்டேட்டிங்’. ‘பேரழிவு தரும்’ என்று எழுதி நகர்ந்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் அதன் வேரான ‘வாஸ்டுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு ஆளற்ற, வெறுமையான என்று பொருள். பரந்த என்னும் பொருள்தரும் ‘வாஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் பிறந்ததும் அதிலிருந்துதான். ஓர் இடத்தை வெறிச்சோட வைப்பதே அச்சொல்லின் பழைய வேலை.

கார் நிக்கோபார் தீவைப் பற்றி எழுதும்போது இந்தப் பழம்பொருளை விட முடிவதில்லை. 2004 டிசம்பர் 26 காலை நிலநடுக்கத்தைத் தொடர்ந்து சுனாமியாகக் கடல் ஏறி வந்தபோது மூஸ், மலாக்கா, லபாத்தி, காக்கனா என ஊர்கள் கரையோரமாகவே இருந்தன. விமானப்படைத் தளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தூண்கள் மேல் நின்ற வட்டக் குடில்கள், தென்னந்தோப்புகள், பன்றிகள் எல்லாம் போயின. நிலநடுக்கத்தில் தீவின் தரையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. பிழைத்தவர்கள் உட்பகுதியில் தகரக் கொட்டகைகளுக்கும், பிறகு அரசு கட்டித் தந்த வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். ‘துஹேத்’ என்னும் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்தவை தனித்தனி வீடுகள்.

அந்தக் காலைக்குக் ‘கேட்டக்ளிஸ்மிக்’ என்ற ஆங்கிலப் பெயரடை பொருந்தும். கிரேக்க மூலத்தில் அது வாரிக் கழுவிச் செல்லும் வெள்ளம். அதற்கு நமக்குக் ‘கடல்கோள்’ என்ற சொல் இருக்கிறது. ஆனால் ஆளில்லாமல் போன கரைக்கு ‘டெவஸ்டேட்டிங்’தான் சரி. அதற்குத் தமிழில் நான் எடுப்பது ‘பாழ்’. அழிவும் வெறுமையும் இதில் ஒன்றாகவே இருக்கின்றன. சுவர் நிமிர்ந்து நின்றாலும் குடியில்லாத வீட்டைப் பாழ்வீடு என்கிறோமே!

பெயரடையைப் பெயரடையாகவே வைப்பதில்லை, வினையாக்கிவிடுகிறேன். ‘பாழாக்கியது’ என்று எழுதியவுடன், எதை என்ற கேள்வி வந்துவிடுகிறது. ‘உள்கட்டமைப்பை’ என்பது அதற்குப் பதிலாகாது. கூட்டமும் விழாவும் நடக்கும் கடலோரப் பொதுவெளியான எல்பனத்தை, தோப்பை, குடிலைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். தீவின் சொற்களுக்கு, 1925இல் ரங்கூனில் அச்சான ஜார்ஜ் வைட்ஹெட்டின் கார் நிக்கோபாரி அகராதி உண்டு.

இறந்தவர்களைப் பற்றிய வாக்கியத்தில் மட்டும் எந்த அடையும் சேர்ப்பதில்லை. எத்தனை பேர், எந்த ஊர் என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கிறேன்.