கரும்பலகையின் ஓரத்தில் ஒரு செய்தி



போன வாரம் ஓர் இளம் ஆசிரியை போன் செய்தார். இந்த வருடம்தான் எங்கள் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வந்திருக்கிறார். "சார், காலைக் கூட்டத்துல பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரி அறிவியல் செய்தி நாலஞ்சு அனுப்புங்க. நெட்ல தேடினா எல்லாம் வெளிநாட்டு விஷயமா இருக்கு. பனிமனுசன் செய்யுறது எப்படி, இலையெல்லாம் ஏன் சிவப்பாகுதுன்னு போட்டிருக்காங்க. நம்ம பிள்ளைக எங்க சார் அதைப் பார்க்க?" என்றார்.

சிரித்துவிட்டு, ஒரு பட்டியல் எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். அது நீண்டு இந்தப் பதிவாகிவிட்டது. கொஞ்சம் பெரிதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பணியில் இருந்தபோது ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து "இன்றைய செய்தி" என்று எழுதுவேன். இரண்டு வரிதான். எனக்கு நானே ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். அந்தச் செய்தியைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதற்குள் கண்ணால் பார்க்கவோ, கையால் செய்து பார்க்கவோ முடிய வேண்டும். முடியாது என்றால் அது எவ்வளவு பெரிய செய்தியானாலும் எழுத மாட்டேன்.

சித்திரையில் நிழல். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. அதனால் ஏப்ரல் 14-ஐ ஒட்டி சூரியன் நடு உச்சிக்கு வரும். கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, சுமார் 12.20-க்கு. அந்த நேரத்தில் நேராக நிற்கும் பொருளுக்கு நிழல் பக்கவாட்டில் விழாது. தமிழ்ப் புத்தாண்டு அன்று பள்ளி விடுமுறை என்பதால் முந்தின நாளோ அடுத்த நாளோ செய்வோம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தண்ணீர் பாட்டிலை வெயிலில் நிறுத்திச் சுற்றி நின்று பார்ப்போம். நிழல் சுருங்கிச் சுருங்கி பாட்டிலுக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொள்ளும். ஒரு பையன் தன் காலடியைப் பார்த்துவிட்டு, "சார், என் நெழலை நானே மிதிச்சுட்டேன்" என்று கத்தினான்.

கன்னியாகுமரிக்கு இது ஏப்ரல் 10 வாக்கில் வரும், சென்னைக்கு 24 வாக்கில் வரும். டெல்லிக்கு எந்நாளும் வராது, ஏனென்றால் அது கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. "டெல்லிக்காரங்களுக்குக் கிடையாது, நமக்கு வருசத்துக்கு ரெண்டு தடவை" என்று சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். இரண்டாவது முறை ஆகஸ்ட் 28-ஐ ஒட்டி வரும்.

ஆடியில் காற்று. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வெறும் காற்றாக நம்மிடம் வரும். நமக்குப் புழுதிதான் மிச்சம். மழை மறைவுப் பிரதேசம் என்று புத்தகத்தில் படிப்பதைப் பிள்ளைகள் பல்லில் நறநறக்கும் மண்ணிலேயே தெரிந்துகொள்வார்கள்.

2022-ல் வைப்பாற்றுக் கரையில் விஜயகரிசல்குளத்தில் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியபோது பல நாள் செய்தி அங்கிருந்துதான் கிடைத்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, வட்டச்சில்லு. பாண்டி விளையாட வைத்திருந்த ஓட்டுச்சில்லைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள் ஒருத்தி. "இதுவும் நாளைக்கு மியூசியத்துக்குப் போகுமா சார்?" கடல் இல்லாத ஊருக்குச் சங்கு எப்படி வந்தது என்று அவளிடமே திருப்பிக் கேட்டேன். நாங்கள் வரைபடத்தை விரித்து வைப்பாற்றின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய் மன்னார் வளைகுடாவில் நிறுத்தினோம்.

இனி ஐப்பசிக்கு வருகிறேன். சொல்ல நினைத்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். சாயங்காலம் இடி மின்னல். எங்கள் பாட்டிமார் இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லச் சொல்வார்கள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். மின்னலின் ஒளி கண்ணுக்கு உடனே வந்துவிடும். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். ஆக, மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை எத்தனை வினாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரிந்துவிடும். முப்பது வினாடிக்குள் கேட்டால் வெட்டவெளியில் நிற்காதே, மரத்தடிக்குப் போகாதே, கட்டடத்துக்குள் ஓடு.

பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாள் காலை வரிசையில் நின்றுகொண்டே "எங்க வீட்டுக்கிட்ட ரெண்டு கிலோமீட்டர் சார்", "எங்களுக்கு நாலு சார்" என்று கணக்குச் சொல்வார்கள். வகுத்தல் வராத பையன்கூட மூன்றால் வகுக்கப் பழகிவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருடம் பங்குனியில் ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எட்டாம் வகுப்பில் இருந்தேன். பெரிய சத்தம். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் அப்பாவோ அம்மாவோ பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள்.

முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். உதடு நடுங்கியது. "சார், வெளிச்சம் தெரியலையே. எப்படி சார் எண்ணுறது?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் புகை எந்தத் திசையில் கிளம்புகிறது என்று பார்த்தோம். பிறகு போன்கள் அடிக்கத் தொடங்கின. அவள் அம்மா வேலை பார்த்த ஆலைதான். ஆனால் அம்மா தள்ளியிருந்த வேறோர் அறையில் இருந்திருக்கிறார், தப்பித்துவிட்டார். அன்றைக்குத் தப்பாதவர்களும் உண்டு. அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

மறுநாள் "இன்றைய செய்தி" இடத்தை வெறுமையாக விட்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்போது ஒரு பையன் தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றை மடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடிவிபத்து" என்று இருந்தது. "சார், இந்த உராய்வும் நம்ம பாடத்துல வர்ற உராய்வும் ஒண்ணுதானா?" என்று கேட்டான்.

எட்டாம் வகுப்பில் உராய்வு பாடம் உண்டு. நடக்கும்போது கால் வழுக்காமல் இருப்பது உராய்வால், பிரேக் பிடிப்பது உராய்வால், டயர் தேய்வதும் உராய்வால். அது தேவையான தீமை. வருடா வருடம் நான் இந்த உதாரணங்களைத்தான் சொல்லி வந்தேன். தீக்குச்சி உரசுவதைக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பிள்ளைகளின் வீட்டில் தினமும் பேசப்படுகிற அந்த உராய்வைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதைத் தொடப் பயம். பிள்ளைகள் ஏற்கெனவே பயந்துதான் இருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. காரணம் தெரியாத பயம் அது.

"ஒண்ணுதான்டா" என்றேன். அன்றைய பாடத்தை அதிலிருந்தே தொடங்கினேன்.

பட்டாசு மருந்தில் எரிகிற பொருளும் அது எரிய ஆக்சிஜனைக் கொடுக்கிற பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வெளிக்காற்று வேண்டியதில்லை. கொஞ்சம் சூடு கிடைத்தால் போதும். அந்தச் சூட்டை உராய்வும் தரலாம், ஒரு சின்னத் தீப்பொறியும் தரலாம். அதனால்தான் மருந்து அறையில் இரும்புக் கருவி கூடாது. அதனால்தான் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள், ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஓர் அறையில் நடப்பது அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதுதான் காரணம். அந்தப் பெண்பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா தப்பியது அந்த இடைவெளியால் என்று நான் சொல்லவில்லை, அவளாகவே புரிந்துகொண்டாள்.

அடுத்த வருடத்திலிருந்து மாசி மாதத்துக்கு ஒரு செய்தி நிரந்தரமாகிவிட்டது. பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்குகிற சோதனை எல்லோருக்கும் தெரியும். அச்சகங்களுக்குப் பேர் போன சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்குக் காகிதத் துணுக்குக்குப் பஞ்சம் இல்லை. இதை ஐப்பசியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை செய்யச் சொல்வேன். மழைக்காலத்தில் காகிதம் அசையாது. மாசி வெயிலில் துள்ளி ஒட்டிக்கொள்ளும். ஏன்? காற்றில் ஈரம் இருந்தால் மின்னூட்டம் மெல்லக் கசிந்துபோய்விடும். காற்று காய்ந்திருந்தால் தங்கும், சேரும், சில நேரம் பொறியாகத் தாவும். இருட்டில் பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று கேட்கிறதே, அதுதான்.

"அப்ப, மருந்து ரூமுக்கு அந்தச் சட்டை போட்டுப் போகக் கூடாதா சார்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் கேட்டார்கள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் ஓர் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். "சார், நீங்க சொன்னீகன்னு இவ என்னைய வேலைக்குப் போகவிடாம வாசல்ல மறிக்கா. நூல் சேலை கட்டிட்டுப் போன்னு. நூல் சேலைக்கு எங்க சார் போக? இதுன்னா விலை கம்மி, அலசிப் போட்டா அரை மணி நேரத்துல காஞ்சிரும்" என்றார். கோபமும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு சிரிப்பும் இருந்தது. அவர் சொன்னது நியாயம்தான். நான் தலையைக் குனிந்து நின்றேன். பாடம் சொல்வது சுலபம், சேலை வாங்குவது கஷ்டம். வேலைக்குத் தகுந்த உடையைக் கொடுக்க வேண்டியது வேலை கொடுப்பவர் என்பதையும் அடுத்த நாள் வகுப்பில் சேர்த்துச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளை வந்து, "பழைய நூல் சேலை ரெண்டு பெரியம்மா குடுத்தாக சார். அம்மா அதைத்தான் கட்டுது" என்றாள்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில மாதம் மூடிக் கிடந்தன. வீடுகளில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். "பேரியம்னா என்ன சார்? அதை நிறுத்துனா எங்கப்பாவுக்கு ஏன் வேலை இல்ல?" என்று ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான். பலகையில் எழுதினேன்: பேரியம் பச்சை, ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், தாமிரம் நீலம். பேரியம் நைட்ரேட் நிறத்துக்கு மட்டும் அல்ல, கம்பி மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம் எரிய ஆக்சிஜன் கொடுப்பதும் அதுதான் என்றேன். புகையில் கலந்து அது மூச்சுக்குள் போனால் என்ன கெடுதல் என்பதையும் சொன்னேன். இரண்டு பக்கமும் சொல்ல வேண்டியிருந்தது. பையன் கேட்டுவிட்டு, "ரெண்டும் சரியாத்தான இருக்கு சார்?" என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன். பன்னிரண்டு வயதில் அவன் கண்டுபிடித்ததை நான் அதற்கு மேல் விளக்கவில்லை.

இளம் ஆசிரியைக்கு நான் சொல்ல வருவது இதுதான். செய்தியைத் தேடி எங்கேயும் போக வேண்டாம், அம்மா. பிள்ளைகள் வருகிற பாதையில், அவர்கள் வீட்டு வாசலில், அவர்கள் அம்மாவின் சேலையில் இருக்கிறது. வேடிக்கையான செய்திகளை நிறையச் சொல்லுங்கள். நிழலை மிதிக்க விடுங்கள், இடியை எண்ண விடுங்கள். அந்தப் பழக்கம் இருந்தால்தான் பயமான விஷயம் வரும்போதும் பிள்ளை எழுந்து நின்று கேள்வி கேட்கும். நம்மிடம் பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்க வைத்துவிட்டோமே.

அந்த முன்வரிசைப் பெண்பிள்ளை இப்போது செவிலியர் படிப்பு முடித்துவிட்டாள். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். இடி இடித்தது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். "அஞ்சு கிலோமீட்டர் சார்" என்றாள். நான் எண்ணியதும் பதினைந்துதான்.

இன்னும் சில நாளில் சித்திரை பிறக்கிறது. நம் பக்கத்து நண்பர்கள் ஏப்ரல் 14-ஆம் தேதி மதியம் 12.15-க்கு ஒரு பாட்டிலை மொட்டைமாடியில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். தலையில் துண்டு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் நிழலை மட்டும் பாருங்கள், போதும்.