மூச்சுக்குழலில் படியும் கரி

விறகடுப்பு எரிந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் கரியைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. அடுப்பங்கரைச் சுவரிலும் ஓட்டுக்கூரையிலும் நாள்தோறும் ஏறிய புகை, ஆண்டு முடிவில் ஒட்டடையாகத் தொங்கும். போகிக்கு முன் அதனை அடித்து இறக்கிச் சுவருக்கு வெள்ளை பூசுவார்கள். அந்த அடுப்பும் ஓட்டு வீடும் நம்மில் பலருக்கு நினைவாகிவிட்டன. கரி மட்டும் நம்மை விடவில்லை. பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்த நம்மோடு அதுவும் வந்து, நாம் ஏறிச் செல்லும் வண்டியின் மூச்சுக்குழலில் குடிபுகுந்திருக்கிறது.

என்னிடம் 2017-ஆம் ஆண்டில் பதிவான சிறிய டீசல் கார் ஒன்று உண்டு. அலுவலகத்திற்கு மெட்ரோவில் செல்வதால், மகளின் பள்ளி, கடைத்தெரு, மலை மந்திர், மருத்துவமனை என்ற குறுகிய வட்டத்திற்குள்ளேயே அது சுற்றி வரும். 70,000 கிலோமீட்டரைக் கடந்தபின் மேம்பாலம் ஏறுகையில் திணறத் தொடங்கியது. பின்னால் கரும்புகை எழுந்தது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடியது 14 ஆகக் குறைந்ததை, எழுத்தர் வேலையின் பழக்கத்தால் நான் எழுதிவரும் செலவுக் குறிப்பேடு காட்டிற்று.

பட்டறை முதியவர் ஒருவருடையது. அனைவரும் அவரை ‘உஸ்தாத்’ என்றே அழைப்பர். அவர் காற்று வடிகட்டியின் குழாயைக் கழற்றி, எஞ்சினுக்குக் காற்றைப் பகிர்ந்தளிக்கும் மேனிஃபோல்டையும் இறக்கி என் முன் வைத்தார். இரண்டு விரல் நுழைய வேண்டிய வழியில் ஒரு விரலே நுழைந்தது. மற்ற இடமெல்லாம் தார் போன்ற கரிய பசை.

தூய காற்று நுழையும் வழியில் இவ்வளவு கரி எப்படி வந்தது? டீசல் எரியும் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி, மூச்சுக்குத் தீங்கான நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. இதனைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்புகிறார்கள். அதனால் ஆக்சிஜன் குறைகிறது. எரியும் வெப்பமும் தணிகிறது. இவ்வேலையைச் செய்வதே இ.ஜி.ஆர். வால்வு. திரும்பி வரும் புகையின் கரித்தூள், எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து வரும் எண்ணெய் ஆவியோடு கலந்து குழாயில் ஒட்டிக்கொள்கிறது. நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டியிலும், எஞ்சின் சூடேறுமுன் பயணம் முடிந்துவிடும் வண்டியிலும் இப்படிவு விரைவில் தடிக்கும். என் வண்டிக்கு இவ்விரண்டும் பொருந்தின.

உஸ்தாத் எஞ்சினின் திறந்த துளைகளைத் துணியால் அடைத்தார். ஒரு கரித்துண்டு உள்ளே விழுந்தாலும் வால்வு கெடும் என்றார். பிறகு குழாயைக் கரைப்பானில் ஊறவைத்து, மரக்குச்சியாலும் தூரிகையாலும் சுரண்டினார். ஈரம் போகக் காற்றடித்து, புதிய கேஸ்கெட் இட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சீராக முடுக்கினார். முடிக்க அரை நாள் ஆயிற்று.

பொருத்துவதற்கு முன் அவர் உள்ளங்கை அளவான தகடு ஒன்றை எடுத்துக் காட்டினார். “பாபுஜி, இதை வைத்து அந்தப் புகைவழியை அடைத்துவிடுகிறேன். இனிக் கரியே சேராது. 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டி இங்கே ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆயுள் குறைந்த வண்டிக்கு மறுபடியும் எதற்குச் செலவு?” என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. தகட்டை வைத்தால் குழாய் தூய்மையாக இருக்கும். கண்ணில் படும் கரும்புகையும் குறையும். டீசல் வண்டிக்கு நடத்தும் புகைச் சோதனை புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. ஆகவே சான்றிதழும் தடையின்றிக் கிடைக்கும். தடுப்பார் எவருமில்லை.

ஆனால் என் மகளின் பள்ளிப்பையில் மூச்சுத்திணறலுக்கான மருந்துக்குழல் ஒன்று இருக்கிறது. தீபாவளி கழிந்து பனியும் புகையும் கலந்து இறங்கும் நாள்களில், இரவில் அவள் நெஞ்சு விசில் போல ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டு நானும் மனைவியும் விழித்திருப்போம். கண்ணுக்குத் தெரியாத அந்த வாயு சுவாசக்குழலை உறுத்துவது. காற்றில் வேறு பொருள்களோடு கூடி நுண்துகளாகவும் மாறுவது. இரும்புக் குழாயில் படியும் கரியை உஸ்தாத் அரை நாளில் சுரண்டிவிடுவார். குழந்தையின் நெஞ்சுக்குள் எந்தத் தூரிகையை விடுவது?

“ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடுவோம், இந்த ஊர்க் காற்று நமக்கென்ன?” என்று நம்மவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாம் போகலாம். நம் பிள்ளைகளுக்கு ஊர் என்பது இதுவே அன்றோ! 1998-இல் நீதிமன்றம் ஆணையிட்டு, 2002 முடிவதற்குள் இந்நகரின் பேருந்துகள் டீசலை விட்டு இயற்கை வாயுவுக்கு மாறியதை மூத்தவர்கள் அறிவர். பேருந்துக்கு ஆணை பிறப்பிக்கலாம். என் எஞ்சினுக்குள் ஒளிந்திருக்கும் சிறு தகட்டை எந்த நீதிமன்றம் வந்து பார்க்கும்? அதனைப் பார்க்க வேண்டியவன் நான்தான்.

தகடு வேண்டாம் என்றேன். உஸ்தாத் வியந்தாரேயன்றி வருந்தவில்லை. “அப்படியானால் வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள், எண்ணெயையும் வடிகட்டியையும் தவணை தவறாமல் மாற்றுங்கள். கரி மெதுவாகத்தான் சேரும்” என்றார். இப்போது வண்டி மேம்பாலத்தில் திணறுவதில்லை. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கிடைக்கிறது. அடுத்த தூய்மைக்கென மாதந்தோறும் 200 ரூபாய் ஒதுக்கிவருகிறேன்.

டீசல் வண்டி வைத்திருக்கும் அன்பர்கள், பட்டறையில் விடும்போதே “புகைவழியை அடைக்க வேண்டாம்” என்று சொல்லிவிடுவது நல்லது. நாம் கேளாமலே அடைத்துக் கொடுப்பவர்களும் உண்டு.