ஒத்தை ஆளுக்கு ஒரு ஜாடி

இமயமலைப் பக்கம் காட்டு வெங்காயத்தாள் உண்டு. நேபாளத்தில் ‘ஜிம்பு’ என்பார்கள். காயவைத்துப் பருப்பில் தாளித்தால் வாசனை தூக்கும். ஆனால், குளிரில் வளர்ந்த அந்தச் செடிக்கு நம்ம விருத்தாசலம் வெயில் ஒத்துக்கொள்ளாது. நமக்குச் சின்ன வெங்காயம்தான் சரி.

விருத்தாசலம், பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே இருக்கும் என் பெரியம்மா, சூளையில் அடிப்பக்கம் விரிசல் விட்ட ஜாடிகளைச் சல்லிசாக வாங்கி வருவார். ஊறுகாய்க்கு உதவாத ஜாடி, செடிக்கு உதவும். மெருகேற்றிய பீங்கான், மண்சட்டி மாதிரி தண்ணீரை உறிஞ்சாது. வடிய வழியில்லை என்றால் வெங்காயம் அழுகிவிடும்.

செம்மண், மணல், மக்கின சாணம் மூன்றும் கலந்து, வெங்காயத்தின் தலை வெளியே தெரிகிற மாதிரி நட வேண்டும். மூணு நாலு வாரத்தில் தாள் அறுக்கலாம். அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும்.

பெரியப்பா போய்விட்டார். பிள்ளைகள் வெளியூரில். “ஒத்தை ஆளுக்குன்னு எவன் கீரைக்கட்டு கட்டுறான்? பாதி வாடித்தான் போவுது” என்பார் பெரியம்மா. ராத்திரிக்குப் பழைய சோறும் ஊறுகாயும் போதும் என்று இருந்தவர், இப்போது நாலு தாள் அறுத்து முட்டையோடு பொரித்துச் சாப்பிடுகிறார்.

தனக்காக மட்டும் அடுப்புப் பற்றவைக்க, மனுஷருக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது!