எடையும் இடமும்

பாலாபெஸ் பயிற்சியில் இருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கி சுடும் நாளில் முதுகு ஒடிவது சுடும்போது அல்ல, சுட்டு முடித்துப் பொறுக்கும்போதுதான். எம்16 துப்பாக்கியிலிருந்து தெறித்து விழும் பித்தளைக் கூடுகளை, மலாயில் கெலொங்சோங் என்கிறோமே அவற்றை, ஒன்றுவிடாமல் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். கொடுத்த தோட்டா எத்தனையோ, கூடும் அத்தனை. முதலாமாண்டில் ஒருமுறை ஒன்று குறைந்துவிட்டது. உச்சி வெயிலில் எல்லாரும் வரிசையாக முழந்தாளிட்டு லாலாங் புல்லை விரலால் கோதினோம். கடைசியில் அது ஒரு நண்பனின் மடித்துவிட்ட சட்டைக் கைக்குள் இருந்தது. (அந்த நண்பன் இம்மலரின் ஆசிரியர் குழுவில் இருக்கிறான். கட்டுரை வெளிவர வேண்டும் என்பதால் பெயரைச் சொல்லவில்லை.)

எண்ணிக் கொடுத்த பிறகு அந்தக் கூடு என்ன ஆகிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. 2024ஆம் ஆண்டு நீண்ட விடுமுறையில் நியூசிலாந்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனபோதுதான் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.

சித்தியும் சித்தப்பாவும் தென் தீவில் திமாரு என்ற துறைமுக ஊரில் இருக்கிறார்கள். ஆகஸ்டு மாதம், அங்கே கடுங்குளிர். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், வயது எழுபதுக்கு மேல், ஆட்டு உரோமம் கத்தரித்து ஓய்வு பெற்றவர். மான் வேட்டைக்காரர். நமக்கு வேட்டை என்றால் முகம் சுளிக்கத் தோன்றும். அந்த நாட்டின் கதை வேறு. செம்மான்களை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். 1904இல் இமயமலைத் தாரையும் கொண்டுவந்தார்கள். நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்து உறவு. இவற்றை அடித்துத் தின்ன அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பெருகிப் பெருகி மலைக் காட்டையே மேய்ந்துவிடுகின்றன. அதனால் வேட்டை அங்கே பாதி பொழுதுபோக்கு, பாதி தேவை.

பெரியவர் சுட்ட கூடுகளை எறிவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, அடியில் இருக்கும் பிரைமரை மாற்றி, மருந்தை அளந்து இட்டு, புதுக் குண்டைப் பொருத்தி மறுபடியும் தோட்டா ஆக்குகிறார். உரிமம் உள்ளவர்கள் அங்கே இதைச் செய்யலாம். நம் நாட்டில் சுடுகருவிச் சட்டம் 1960 என்ற ஒன்று இருக்கிறது. உரிமமில்லாமல் ஒரு தோட்டா கையில் இருந்தாலே வாழ்க்கை தலைகீழாகிவிடும். ஆகவே நான் அவருடைய கொட்டகைக்குப் போகிறேன் என்றதும் சித்தி பதறிப்போனார்.

“துப்பாக்கி வச்சிருக்கிறவர் வீட்டுக்கா போற? உங்கம்மா கேட்டா நான் என்னடா சொல்றது?”

“சும்மா பார்க்கத்தான் சித்தி. அவர் அலமாரியெல்லாம் பூட்டி வச்சிருக்கார்.”

பூட்டித்தான் வைத்திருந்தார். 2019 மார்ச்சில் கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைக்குப் பிறகு அங்கே சட்டம் இறுகிவிட்டது. தானியங்கி முறையில் அடுத்த தோட்டா ஏறும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை அரசு விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. தம்முடைய ஒன்றையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

நான் இயற்பியல் மாணவன் என்று தெரிந்ததும் ஒரு வாளி நிறையக் கூடுகளை என் முன்னால் வைத்து, “இவற்றை எடை பார்த்துப் பிரித்துக் கொடு” என்றார். மொத்தம் 112. எல்லாம் .308 என்ற ஒரே அளவு; கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன.

எடை எதற்கு? கூட்டின் வெளி அளவைத் துப்பாக்கியின் அறை தீர்மானிக்கிறது. சுடும்போது பித்தளை விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் வெளி உருவம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் ஒரு கூட்டில் பித்தளை அதிகம் என்றால் அது உள்பக்கமாகத்தானே தடித்திருக்க வேண்டும்? உள்ளே இடம் குறையும். ஒரே அளவு மருந்து சிறிய இடத்தில் எரிந்தால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் குண்டின் வேகமும் கூடும், குறி மேலே ஏறும். இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம் கார் டயரில் இருப்பது 32 அல்லது 33. அந்த எல்லையில் விளையாட்டு கூடாது.

அவர்கள் எடையைக் கிரெய்ன் என்ற பழைய அளவில் சொல்கிறார்கள். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம்; நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. வாளியில் இருந்த 9 கூடுகள் 180 கிரெய்னை ஒட்டி நின்றன. மற்ற 103 கூடுகள் 160க்கும் 167க்கும் நடுவில். அந்த ஒன்பதின் அடியில் இருந்த முத்திரையைப் பார்த்ததும் பெரியவர் முகம் மாறியது. இராணுவத்துக்குச் செய்த கூடுகள். அவை பெரும்பாலும் தடித்த சுவர் உள்ளவை. இளமையில் ஒருமுறை கவனிக்காமல் அப்படிப்பட்ட கூட்டில் வழக்கமான மருந்தை இட்டுச் சுட்டுவிட்டாராம். துப்பாக்கியின் பூட்டு திறக்கவே இல்லை. மரச் சுத்தியலால் தட்டித்தான் திறந்திருக்கிறார். “கண் போகாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்” என்று சொல்லி, அந்த ஒன்பதையும் குறடால் நசுக்கிப் போட்டார்.

மிச்சம் 103. மூன்று மாலைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்து, கணினியில் அட்டவணை போட்டு, வரைபடமும் வரைந்தேன். சராசரி 163. அதைவிட ஏறத்தாழ 3 கிரெய்னும் அதற்கு மேலும் கூடுதலாக இருந்த 7 கூடுகளை ஒதுக்கி ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டேன். பெரியவர் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை.

இரவு படுக்கையில்தான் உறுத்தியது. நான் அளந்தது எடை. எனக்குத் தேவைப்பட்டது இடம். பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப்போல் எட்டரை மடங்கு. 3 கிரெய்ன் பித்தளை கூடினால் உள்ளே குறையும் இடம் சுமார் 0.35 கிரெய்ன் தண்ணீர் அளவுதான். மொத்தக் கொள்ளளவே 56 கிரெய்ன் தண்ணீர். அதுவும் அந்தக் கூடுதல் பித்தளை உள்ளே இருந்தால்தான். கூட்டின் அடி விளிம்பிலோ, அதைப் பிடித்து இழுப்பதற்காக வெட்டிய பள்ளத்திலோ இருந்தால்?

எங்கள் பாட்டி அரிசியைப் பால் டின்னில் அளப்பார். கடைக்காரர் கிலோவில் நிறுப்பார். இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை என்று மாதாமாதம் சண்டை. அந்தச் சண்டை நினைவுக்கு வந்தது.

மறுநாள் தண்ணீர் கேட்டேன். பெரியவர் சிரித்தார், இதற்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது. முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரே துப்பாக்கியில் சுட்ட, ஒரே நீளத்துக்கு வெட்டிய கூடுகளாக இருக்க வேண்டும். பழைய பிரைமரை எடுக்கக் கூடாது. அதுதான் அடித்துளைக்கு அடைப்பு. வெற்றுக் கூட்டை நிறுத்து, வாய்வரை தண்ணீர் நிரப்பி மறுபடி நிறுக்க வேண்டும். வித்தியாசம்தான் கொள்ளளவு. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு சேர்த்தால் காற்றுக் குமிழி ஒட்டாது. வாயில் தண்ணீர் மேடாகவோ குழியாகவோ நின்றாலே 0.2 கிரெய்ன் பிழை வந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தேன். விரல் மரத்துப்போனது.

ஒதுக்கிய ஏழில் ஐந்துக்கு உண்மையாகவே இடம் குறைவு. மற்ற இரண்டும் நல்ல கூடுகளின் சராசரியோடு அப்படியே ஒத்துப்போயின. கூடுதல் எடை எல்லாம் அடி விளிம்பில் இருந்தது. அளவுகோலால் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் வேறு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. 2015இல் யுபிஎஸ்ஆர் எழுதினேன். தமிழிலும் கணிதத்திலும் அறிவியலிலும் ஏ. மலாய்க் கட்டுரையில் டி. (அந்தத் தேர்வையே 2021இல் எடுத்துவிட்டார்கள்.) 2016 ஜனவரியில் இடைநிலைப்பள்ளி மண்டபத்தில் பெயர் வாசித்தார்கள். என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களில் பலர் முதலாம் படிவத்துக்கு வலப்பக்கம் போனார்கள். நானும் என் பக்கத்து வீட்டு நண்பனும் இடப்பக்கம். புகுமுக வகுப்பு என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் அது ரிமூவ். ஓராண்டு பின்தங்கல்.

என்னைப் பொறுத்தவரை அந்தப் பிரிப்பில் குறை சொல்ல முடியாது. அந்த வயதில் மலாயில் பத்து வாக்கியம் பிழையில்லாமல் எனக்கு எழுத வராது. அந்த ஓராண்டுதான் என்னை எழுத வைத்தது. ஆனால் என் நண்பன் வளர்ந்ததே மலாய்க் குடும்பங்களுக்கு நடுவில். கடைசி வகுப்பு ஆசிரியைவிட நன்றாக மலாய் பேசுவான். தேர்வு நாளில் டெங்கிக் காய்ச்சலோடு எழுதிவிட்டு வந்து மருத்துவமனையில் சேர்ந்தான். அவனையும் யாரும் இரண்டாவது முறை அளந்து பார்க்கவில்லை. ரிமூவ் வகுப்பில் முதல் மாதமே சலித்துவிட்டது அவனுக்கு. மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டான். இப்போது லாரி ஓட்டுகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் அந்த இரண்டு கூடுகளை உள்ளங்கையில் வைத்திருந்தபோது அவன் முகம்தான் வந்தது.

பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் ஒரு கணக்கைத்தான் சொன்னார். 150 மீட்டரில் மான் சுடுபவருக்கு அந்த ஐந்தும்கூட ஒன்றும் செய்துவிடாது. கொள்ளளவு அரை விழுக்காடு மாறினால் குண்டின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் மாறும். 900 மீட்டரில் குறி வைக்கும் போட்டியாளருக்குத்தான் அது ஓரிரு அங்குலம். மருந்தை அளப்பதில் விடும் பிழை இதைவிடப் பெரிது. “அப்படியானால் ஏன் மூன்று மாலை என்னை நிறுக்கவைத்தீர்கள்?” என்று கேட்டேன். அந்த ஒன்பதைப் பிடிக்கத்தானாம்.

இரண்டு கூடுகளையும் தகரத்திலிருந்து எடுத்து நல்ல பெட்டியில் வைத்தேன். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபின் இந்தப் பருவத்தில் மறுபடியும் சுடும் பயிற்சி நடந்தது. 5.56 கூடு இன்னும் சிறியது, விரல் நுனியில் சூடு மாறாமல் இருந்தது. பொறுக்கிய ஒவ்வொன்றையும் கொஞ்சம் நேரம் கையில் வைத்திருந்து அடியைத் திருப்பிப் பார்த்தேன். “எண்ணுடா, எடையா பார்க்கிற?” என்று பக்கத்தில் இருந்தவன் அதட்டினான். எண்ணி முடித்தேன். ஒன்றும் குறையவில்லை.