அவரைப் பந்தலில் பத்து இறகுகள்

அந்துப்பூச்சிகளுக்கு நான்கு இறக்கைகள் என்றே படித்திருக்கிறோம். இறகு அந்துப்பூச்சிக்கும் நான்குதான். ஆனால் முன்னிறக்கை இரண்டாகவும் பின்னிறக்கை மூன்றாகவும் ஆழப் பிளந்திருக்கும். பிளவுகளின் ஓரமெங்கும் மெல்லிய மயிர் வரிசை. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து இறகுகள், சுப்ஹானல்லாஹ்! அமரும்போது அவற்றைச் சுருட்டிக்கொள்வதால், காய்ந்த புல்லின் குறுக்கே இன்னொரு புல்லை வைத்தாற்போல் தோன்றும்.

எங்கள் கொல்லையில் அதனை முதலில் கண்டவள் என் மகள். அவளுடைய வியப்பில் உம்மா பங்கு கொள்ளவில்லை.

"அழகுதான் கண்ணு. ஆனா நம்ம அவரைக்காயைத் தின்னுறது இதோட பிள்ளைதான்" என்றார்கள்.

உண்மைதான். துவரையிலும் அவரையிலும் வளரும் வகை இது. தாய்ப்பூச்சி மொட்டிலும் இளங்காயிலும் முட்டைகளைத் தனித்தனியாக இடுகிறது. வெளிவரும் புழு முதலில் காயின் தோலைச் சுரண்டும். பின்னர் துளையிட்டு உள்ளிருக்கும் பச்சை விதையைத் தின்னும். சில காய்ப்புழுக்களைப் போல முழுவதும் உள்ளே புகுந்துவிடாது; தலையை மட்டும் நுழைத்து உடலை வெளியிலேயே வைத்திருக்கும். (களவிலும் ஒரு துணிச்சல்!) இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் வளர்ந்ததும், பட்டுப்புழுவைப் போல் கூடு எதுவும் கட்டாமல், காயின் மேலேயே கூட்டுப்புழுவாகிவிடும். அப்போதும் உடலில் மயிர் இருப்பதால் புழு உறங்குவதாகவே மகள் நம்பினாள்.

பூச்சிமருந்து தெளிக்குமாறு பக்கத்து வீட்டார் கூறினர். அந்த ஆண்டுக் காய்ப்பில் பாதி வீணாகிக்கொண்டிருந்தது. மருந்து தெளித்தால் மீதியேனும் கிடைக்கும். எனினும் உம்மா மறுத்துவிட்டார்கள். அன்றாடம் ஆணத்துக்குப் பறிக்கும் காய். குழந்தைகள் கைவைக்கும் பந்தல். சுபுஹுத் தொழுகைக்குப் பின் ஒவ்வொரு கொத்தாகப் புரட்டிப் புழுக்களைப் பொறுக்கினார்கள். துளையிட்ட காய்களைப் பறித்து அப்புறப்படுத்தினார்கள். மூன்று வாரம் இடுப்பு வலியோடு இது நடந்தது. காய்ப்பு முழுவதும் மீளவில்லை. அண்டை வீடுகளுக்கு வழக்கம்போல் கொடுத்தனுப்ப இயலாமற்போனதுதான் அவர்களுக்குப் பெருங்குறை.

மகளின் வற்புறுத்தலால் ஒரு கூட்டுப்புழு மட்டும், அது ஒட்டியிருந்த காயோடு, கண்ணாடிப் புட்டியில் தப்பியது. சில நாட்களில் அதிலிருந்து பத்து இறகுகளும் விரிந்தன. திறந்துவிடலாமா என்று அவள் கேட்டாள். உம்மா சற்று நேரம் புட்டியையே பார்த்திருந்தார்கள்.

"விடு. ஆனா பந்தலுக்கு ரொம்பத் தள்ளிப் போய் விடு."

மஃரிபுக்குப் பின் இருவருமாகத் தெருமுனை வரை நடந்து சென்றார்கள். மறுநாள் விடியலில் உம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மொட்டுகளில் முட்டை தேடிக்கொண்டிருந்தார்கள்.