கடல் கிடந்த காரை

பெரம்பலூர் ஜில்லாவில் காரை என்னும் கிராமத்துக்கு வெளியே பூமி பள்ளமும் மேடுமாய் அரிக்கப்பட்டுக் கிடக்கிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் வெறும் களிமண்; இடையிடையே ஜிப்ஸத் தகடுகள் கண்ணாடிச் சில்லுகளைப் போல் மின்னுகின்றன. நாக்கை நனைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆயினும், நேயர்களே, நாம் அன்று நடந்து சென்றது ஒரு சமுத்திரத்தின் அடித்தளத்தின் மீது! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இவ்விடத்தை மூடியிருந்தது.

நம்முடன் வந்த நண்பர் பூகர்ப்ப சாஸ்திரம் பயின்றவர். அவர் குனிந்து குனிந்து நடக்க, நாமும் அவ்வாறே நடந்து, துப்பாக்கிக் குண்டு போன்ற கல் ஒன்றும், சுருள் சுருளான கற்கள் இரண்டும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டோம்.

அப்போது ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் ஓடிவந்து, துண்டில் பொதிந்திருந்த உருண்டைக் கல் ஒன்றை நீட்டினான்.

"ஐயா, இது டைனோசர் முட்டைதானே?"

அவன் முகத்தைப் பார்த்த நமக்கு, 'ஆம்' என்று சொல்லிவிடலாமா என்றே தோன்றிற்று. நண்பரோ கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, முட்டையென்றால் மெல்லிய ஓடு இருக்க வேண்டும். பூதக் கண்ணாடியில் பார்த்தால் அதில் நுண்துளைகள் தெரியும். இதில் ஓடே இல்லை. உடைந்த இந்த விளிம்பைப் பார். வெங்காயம் போல அடுக்கடுக்காய் மண் இறுகியிருக்கிறது. ஆனால் நடுவில் தெரிவது என்ன?"

நடுவில் ஒரு சிறு சுருள் தெரிந்தது. அதுதான் அம்மோனைட். கணவாய்க்கு உறவான இப்பிராணி, அறை அறையாய்ப் பிரிந்த ஓட்டுக்குள் வாழ்ந்து, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டற்றுப் போயிற்று. கண்டகி நதியிலிருந்து வந்து நம் வீடுகளில் பூஜை பெறும் சாளக்கிராமத்தில் காணும் சக்கரமும் இந்த இனத்தின் சுவடே. 2020 டிசம்பரில் இதே ஜில்லாவின் குன்னம் பக்கத்தில் உருண்டைகள் அகப்பட்டபோதும் டைனோசர் முட்டையென்று செய்தி பரவிற்று. நிபுணர்கள் பார்த்து, அம்மோனைட் படிவங்களே என்றனர்.

"இதை எங்கே எடுத்தாய்?" என்று நண்பர் கேட்டார். சிறுவன் தயங்காமல் அழைத்துச் சென்று, கல் பதிந்திருந்த குழியையே காட்டினான்.

"உங்கள் பையிலுள்ளவை?" என்று நண்பர் நம் பக்கம் திரும்பினார். நாம் விழித்தோம். எந்தப் பள்ளம், எந்த மண்ணடுக்கு, ஒன்றும் நினைவில் இல்லை.

"அடுக்குதான் ஐயா கல்லின் ஜாதகம். அது தொலைந்தால் பாதிக் கதை தொலைந்தது" என்றார் அவர்.

திரும்பும் வழியில் சாத்தனூரில், 1940-ஆம் ஆண்டில் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரத்தைப் பார்த்தோம். பிற்காலத்தில் இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் அவர். 18 மீட்டர் நீளமுள்ள அம்மரம், கடலடி மணலில் புதைந்து கல்லான இடத்திலேயே இன்றும் கிடக்கிறது. அதனாலன்றோ அதன் கதையைச் சொல்ல முடிகிறது!

ஆகவே, விசித்திரமான கல்லைக் காணும் அன்பர்கள் உடைக்க வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். கிடந்த நிலையில் படம் பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அறிந்தவர்களிடம் காட்டுங்கள்.

நாம் கொணர்ந்த மூன்று கற்களும் மேஜை மீது இருக்கின்றன. அழகாய்த்தான் இருக்கின்றன. ஆனால் எந்த ஊர், எந்தக் காலம் என்று கேட்டால் பதில் சொல்வதில்லை.